மதுரையில் ரோடு சைக்கிளுக்கு டயர் வாங்குவது எப்படி: முள்ளும் மழையும் தாங்கணும், வேகமும் குறையக் கூடாது

மதுரையில் ரோடு சைக்கிளுக்கு டயர் கேட்டுப் போனால் பெரும்பாலான கடைகளில் கிடைக்கும் முதல் பதில், "அந்த சைஸ் நம்மகிட்ட வராது சார்." சரி, இணையத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தால், குளிர்கால டயர் பற்றி எழுதியிருப்பவர்கள் எல்லாம் லண்டன்காரர்களும் ஜெர்மனிக்காரர்களும். அவர்கள் கவலை பனி, உறைந்த சாலை, சாலையில் கொட்டும் உப்பு. நமக்கு மார்கழி விடியலில்கூட ஒரு ஸ்வெட்டர் போதும். நம்முடைய கஷ்டகாலம் ஐப்பசியும் கார்த்திகையும்தான்: மழை, சேறு, ஓரமெல்லாம் கருவேல முள்.

கோச்சடையிலிருந்து கப்பலூருக்கு வேலைக்கு சைக்கிளில் போய்வருகிறேன். நல்ல டயர் ஒரு ஜோடி வாங்குவதற்குள் கடை கடையாக ஏறி இறங்கி, கூரியருக்குக் காத்திருந்து, வந்த டியூபின் வால்வு ரிம்மில் நுழையாமல் திருப்பி அனுப்பி, போதும் போதும் என்றாகிவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முதலில் ஒன்று. எல்லாரும் பிராண்ட் பெயரில் தொடங்குகிறார்கள். அது கடைசியில் பார்க்க வேண்டியது. அளவு, அகலம், உங்கள் வழியில் கிடக்கும் முள், இந்த வரிசையில் போனால் பிராண்ட் தானாகவே இரண்டு மூன்றுக்குள் சுருங்கிவிடும்.

1. பழைய டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்

டயரின் பக்கச் சுவரைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். 700 × 25 சி என்று ஒன்றும், 25-622 என்று ஒன்றும் அச்சடித்திருக்கும். இரண்டாவதைத்தான் நம்ப வேண்டும். 25 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 622 என்பது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். ரோடு சைக்கிள், ரோடுக்கும் மலைக்கும் இடைப்பட்ட ஹைபிரிட் சைக்கிளில் பெரும்பாலானவை, 29 அங்குல மலைச் சைக்கிள், மூன்றுக்குமே 622தான்.

இங்கேதான் முதல் பொறி. கடையில் "28 இன்ச் டயர்" என்று கேட்டால், அந்தக் காலத்துக் கம்பி பிரேக் சைக்கிளின் 28 × 1½ டயரை எடுத்து நீட்டுவார்கள். அதன் விட்டம் 635. பார்க்க ஒன்று போலவே இருக்கும், ரிம்மில் நிற்காது. 28 இன்ச் என்று வாயே திறக்காதீர்கள். பழைய டயரின் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

ரிம்மிலும் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதிகபட்சக் காற்றழுத்தம் எழுதியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

2. இடைவெளியை அளந்து அகலத்தை முடிவு செய்யுங்கள்

அகலமான டயர் மெதுவாக ஓடும் என்பது இன்னும் பலர் வாயில் இருக்கும் பேச்சு. வழவழப்பான பந்தயத் தடத்தில் உயர்ந்த காற்றழுத்தத்தில் ஓட்டுகிறவர்களை வைத்து வந்தது அது. நம் சாலை வேறு. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம், வேகத்தடை, ஜல்லி பெயர்ந்த ஓரம். இதில் 23 மி.மீ. டயரை 110 பி.எஸ்.ஐ.க்கு (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அடித்து ஓட்டினால் சைக்கிள் குதித்துக் குதித்துப் போகும். ஒவ்வொரு குதிப்பிலும் நீங்கள் மிதித்த பலம் வீண். அதே சாலையில் 28 மி.மீ. டயர், குறைந்த காற்றில், சாலையோடு ஒட்டி உருளும். கையும் இடுப்பும் வலிக்காது. குண்டுகுழியில் டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கி இரட்டை ஓட்டை விழுவதும் குறையும்.

அதனால் உங்கள் சைக்கிள் ஏற்கும் அளவில் மிக அகலமானதை வாங்குங்கள். எவ்வளவு ஏற்கும்? பிரேக்குக்கு அடியில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் உச்சியில், பின்சக்கரத்துக்கு இருபுறமும் உள்ள கம்பிகளுக்கிடையே, இந்த மூன்று இடத்திலும் இப்போதிருக்கும் டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே எவ்வளவு சந்து என்று அளந்து பாருங்கள். புது டயர் போட்ட பிறகு எல்லாப் பக்கமும் 4 மி.மீ. மிஞ்ச வேண்டும். மழைக்காலத்தில் களிமண் அப்பிக்கொள்ளும், மட்கார்டும் மாட்ட வேண்டும் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. ரிம்மை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பழைய கேலிப்பர் பிரேக் சைக்கிள்களில் பெரும்பாலும் 25 அல்லது 28 மி.மீ.யோடு நின்றுவிடும். டிஸ்க் பிரேக் சைக்கிளில் 32 மி.மீ. தாராளமாகப் போகும்.

அச்சில் 28 என்றிருக்கும் டயர் அகலமான ரிம்மில் 29, 30 என்று விரியும். கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. உங்கள் வழியில் என்ன குத்துகிறது?

இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். பஞ்சர் ஒட்டும்போது கடைக்காரர் எடுக்கும் முள்ளையோ கம்பியையோ தூக்கிப் போட விடாமல் வாங்கிப் பாருங்கள். மதுரையைச் சுற்றி நான் பார்த்தவரை குத்துவது நான்கு.

நெருஞ்சி முள். மழைக்குப் பிறகு மண் ஓரங்களில் மஞ்சள் பூவோடு படர்ந்திருக்கும். காய் காய்ந்தால் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். முள் சில மில்லிமீட்டர்தான். நல்ல தடுப்புப் பட்டை உள்ள டயர் இதைச் சமாளித்துவிடும்.

சீமைக் கருவேலம். இது வேறு ஜாதி. முள் இரண்டு அங்குலம்கூட வளரும். கண்மாய்க்கரை, வைகையோரம், நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம், எங்கே பார்த்தாலும் நிற்கிறது. மரம் நிற்பதைவிட, வெட்டி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போவதுதான் நமக்கு வினை, வழியெல்லாம் முள்ளை உதிர்த்துக்கொண்டே போகும். நேராக நின்று குத்தினால் எந்த டயரும் தாங்காது, விளம்பரத்தை நம்ப வேண்டாம். ஆனால் பெரும்பாலும் முள் படுத்துக் கிடக்கும், சாய்ந்து குத்தும், பக்கச் சுவரில் கீறும். அங்கேதான் பக்கச் சுவருக்கும் பாதுகாப்பு உள்ள டயர் காப்பாற்றுகிறது.

லாரி டயர்க் கம்பி. நான்குவழிச் சாலையில் வருகிறவர்களுக்கு இதுதான் முதல் எதிரி. வெடித்த ரேடியல் டயரின் கிழிசல்கள் ஓரத்தில் கிடக்கும், அதிலிருந்து உதிர்ந்த இரும்பு இழைகள் தலைமுடி கனம்தான் இருக்கும். மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். காலையில் குத்தினால் மாலையில்தான் காற்று இறங்கியது தெரியும்.

நான்காவது, நம் திருவிழாக்கள். தீபாவளிக்கு மறுநாள் தெருவில் கிடக்கும் மத்தாப்புக் கம்பி, உடைந்த பாட்டில். ஆயுத பூஜைக்கு மறுநாள் பூசணிக்காய். பூசணிக்காய் பஞ்சராக்காது. ஆனால் வளைவில் அதன் மேல் ஏறினால் எவ்வளவு விலை கொடுத்த டயரும் சறுக்கும். அன்றைக்கு ஒரு நாள் பேருந்தில் போய்விடுங்கள்.

ஊருக்குள்ளேயே, கோரிப்பாளையம், சிம்மக்கல் என்று ஓட்டுகிறவருக்குக் கருவேல முள் அவ்வளவு இல்லை, கண்ணாடியும் ஆணியும்தான். மேலூர் பக்கம் போகிறவருக்கு கிரானைட் சில்லு. பார்த்து முடிவு செய்யுங்கள்.

4. இப்போது டயர்

டயருக்குள் மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, ரப்பருக்கு அடியில் பஞ்சர் தடுப்புப் பட்டை இருக்கிறதா, அது தரையில் படும் பகுதியில் மட்டுமா, பக்கவாட்டிலும் உண்டா. இரண்டு, டயரின் துணி எவ்வளவு நெருக்கமாக நெய்தது. டி.பி.ஐ. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்பது அது. அது கூடக்கூட துணி மெல்லியது, டயர் வளைந்துகொடுத்து வேகமாக உருளும், ஆனால் சீக்கிரம் கிழியும். சில கம்பெனிகள் மூன்று அடுக்கையும் கூட்டி 330 என்று போடுகின்றன. ஓர் அடுக்குக்கு 110தான். 60 என்று நேர்மையாகப் போட்டிருப்பதோடு இதை அப்படியே ஒப்பிடாதீர்கள். மூன்று, ஓரம் இரும்புக் கம்பியா, மடிக்கக்கூடிய இழையா. மடிக்கும் டயர் எடை குறைவு, விலை அதிகம். வேறு பெரிய வித்தியாசம் இல்லை, வேலைக்குப் போய்வரக் கம்பி டயரே போதும்.

மேலே உள்ள கோடு, பள்ளம், டிசைன் பற்றிக் கவலைப்படாதீர்கள். கார் டயர் மாதிரி சைக்கிள் டயர் தண்ணீர் மேல் மிதந்து வழுக்காது. அதற்கு நம் வேகம் போதாது, டயரும் ஒல்லி. மழையில் பிடிப்பு தருவது ரப்பரின் தரம். வழவழப்பான டயரைக் காட்டி "மழைக்கு ஆகாதுண்ணே" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பெயர்கள். காண்டினென்டல் கிராண்ட் பிரி 5000 வேகத்தில் அருமையானது. தரையில் படும் பகுதிக்கு அடியில் தடுப்புப் பட்டை உண்டு, பக்கச் சுவர் மெல்லியது. கருவேலங்காட்டு வழியில் தினமும் ஓட்ட அதை நான் வாங்கமாட்டேன். அதே கம்பெனியின் கேட்டர்ஸ்கின் பக்கச் சுவரும் தடித்தது, நெடுநாள் உழைக்கும், ஆனால் ஈரத்தில் பிடிப்பு சுமார்தான். மழை நாளில் திருப்பத்தில் அடக்கி வாசிக்க வேண்டும். கிராண்ட் பிரி 4 சீசன் இரண்டுக்கும் நடுவே: இரட்டைத் தடுப்பு, பக்கப் பாதுகாப்பு, ஈரத்தில் நல்ல பிடிப்பு. விலைதான் கடிக்கும்.

ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் தனி ரகம். உள்ளே 5 மி.மீ. கனத்துக்கு ரப்பர்ப் பட்டை. நெருஞ்சியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் எடை, உருளும் சோம்பல், இரண்டும் மிதிக்கும்போது தெரியும், மாட்டும்போது கட்டைவிரலுக்கும் தெரியும். பிளஸ் இல்லாத சாதா மாரத்தானில் பட்டை 3 மி.மீ., கொஞ்சம் இலகு. ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல தேர்வு. கையைக் கடிக்காமல் வேண்டுமென்றால் விட்டோரியா ஸாஃபிரோ போன்ற கம்பி டயர்கள். ரால்சன் போன்ற நம் நாட்டு டயர்களும் 700 சி அளவில் வருகின்றன. ஊருக்குள் ஓட்ட அது போதும்.

வேக வித்தியாசத்தைப் பெரிதாக எண்ண வேண்டாம். 15 கிலோமீட்டர் போகிற வேலைப் பயணத்தில் பந்தய டயருக்கும் முள் தாங்கும் டயருக்கும் ஓரிரு நிமிடம்தான் வரும். ஒரு பஞ்சர் ஒட்டவே இருபது நிமிடம்.

இரண்டு சக்கரத்துக்கும் ஒரே டயர் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எடை அதிகம் விழுவதும், சீக்கிரம் தேய்வதும், அதிகம் பஞ்சராவதும் பின்சக்கரம். அங்கே முரட்டு டயர் போடுங்கள். திருப்பத்தில் வழுக்கினால் தள்ளிவிடுவது முன்சக்கரம். அங்கே பிடிப்புள்ள டயர். நான் பின்னால் கேட்டர்ஸ்கின், முன்னால் 4 சீசன் போட்டிருக்கிறேன்.

5. டியூபும் வால்வும்

இரண்டாவது பொறி இது. சாதா சைக்கிளில் இருப்பது வால்டியூப் வைத்த பழைய வால்வு. மோட்டார் சைக்கிளில் இருப்பது தடித்த ஷ்ரேடர். ரோடு சைக்கிளில் இருப்பது ஒல்லியான பிரெஸ்டா, உச்சியில் குட்டித் திருகு இருக்கும். பிரெஸ்டாவுக்குத் துளைத்த ரிம்மில் ஷ்ரேடர் நுழையாது. ஷ்ரேடர் துளையில் பிரெஸ்டா நுழையும், ஆனால் ஆடிக்கொண்டே இருந்து அடிப்பக்கம் கிழியும். ஆர்டர் போடுமுன் உங்களுடையது எது என்று பாருங்கள். ரிம் உயரமானது என்றால் வால்வின் நீளத்தையும்: 40 மி.மீ. வால்வு ரிம்முக்கு வெளியே எட்டிப் பார்க்காவிட்டால் 48 அல்லது 60 வாங்க வேண்டும்.

பஞ்சர் கடையிலோ பெட்ரோல் பங்கிலோ பிரெஸ்டாவுக்குக் காற்றடிக்க முடியாது. ஒரு பித்தளை அடாப்டர் வாங்கிக் கைப்பையில் போட்டு வையுங்கள். அதை மாட்டினாலும் பங்குக் காற்றில் ஜாக்கிரதை. மெல்லிய டியூபில் ஒரே மூச்சில் நிரம்பிவிடும்.

டியூபில்லா டயர், உள்ளே ஒழுகாமல் அடைக்கும் பால் ஊற்றுவது, முள்ளுக்கு உண்மையிலேயே நல்ல வைத்தியம். ஆனால் ரிம் அதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும், நம் வெயிலில் பால் சீக்கிரம் காயும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். முதல் ஜோடிக்கே அதில் இறங்க வேண்டாம்.

டயருக்குள் பழைய டயரை வெட்டி அடுக்குக் கொடுக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். தடித்த சாதா சைக்கிளுக்கு அது ஓடும். ஒல்லி டயரில் வெட்டின விளிம்பே டியூபை அறுத்துவிடும்.

6. எவ்வளவு ஆகும்?

விலை ஏறி இறங்கும், தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டயருக்கு: நம் நாட்டுக் கம்பி டயர் 1,000 ரூபாய்க்குள். நடுத்தரம் 1,500 முதல் 2,500 வரை. பஞ்சர் தாங்கும் வெளிநாட்டு டயர் 3,000 முதல் 4,500. பந்தய டயர் அதற்கும் மேலே. பிரெஸ்டா டியூப் ஒன்று 300லிருந்து 500. மூன்றாக வாங்குங்கள், ஒன்று பையில் இருக்க. டயரை நெம்பிக் கழற்றும் பிளாஸ்டிக் லீவர் ஒரு ஜோடி, ஒட்டும் சாமான், அடாப்டர் எல்லாம் சேர்த்து 400க்குள். காற்றழுத்த மானி வைத்த நிற்கும் பம்பு 1,000 முதல் 2,000. இதில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். பம்பு இல்லாமல் விலை உயர்ந்த டயர் வாங்குவது வீண் செலவு.

பணம் முட்டினால் பின் டயரை மட்டும் இப்போது மாற்றுங்கள்.

7. எங்கே, எப்போது, என்ன காகிதம்

மழைக்கு என்று வாங்குகிறீர்கள் என்றால் ஆவணி கடைசிக்குள் ஆர்டர் போட்டுவிடுங்கள். புரட்டாசி பாதியிலிருந்து ஆயுத பூஜை, தீபாவளி என்று கூரியர் நெரிசல். கேட்ட அகலம் தீர்ந்துபோகும், வந்தது தவறு என்று திருப்பினால் மாற்றி வருவதற்குள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். உள்ளூர் கியர் சைக்கிள் கடையில் சொல்லி வைத்து வரவழைப்பதும் நல்ல வழி. நூறு இருநூறு கூட ஆனாலும் மாட்டித் தருவார்கள், அளவு தப்பினால் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். முன்பணம் கொடுத்தால் டயரின் பெயரும் 28-622 போன்ற அளவும் எழுதிய சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "700 டயர்" என்று மட்டும் எழுதினால் வருவது 38 மி.மீ. ஆகவும் இருக்கலாம்.

டயர் வந்ததும் பெட்டியையோ அட்டையையோ கிழித்துப் போடாதீர்கள். முறையாக இறக்குமதியான பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதமும் ஆண்டும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை ஒட்டியிருக்க வேண்டும். அந்த ஒட்டு இல்லாமல் மலிவாக வந்தால் சந்தேகப்படுங்கள். ரப்பர் வைத்திருந்தாலே கெடும் பொருள். பல வருடம் முந்தைய தேதி என்றால் வேண்டாம். பக்கச் சுவரை வளைத்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு இருந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். ஜிஎஸ்டி பில்லும், பெட்டி திறக்கும்போது எடுத்த வீடியோவும் வைத்துக்கொள்ளுங்கள். விற்றவர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிய அந்தப் பில்தான் கேட்பார்கள். மாட்டி ஓட்டிய டயரைத் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்பதால், ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே எண்ணைச் சரிபாருங்கள்.

8. மாட்டுவது

புது டயரை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டால் இளகிவரும். ரிம்மின் உள்பக்கத்து நாடா ஸ்போக் துளைகளை முழுசாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை டியூபின் உள்பக்கம் விழுந்திருந்தால் குற்றவாளி முள் அல்ல, இந்த நாடாதான். பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்பு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். டயரின் பெயர் அச்சடித்த இடம் வால்வுக்கு நேராக வரட்டும். அப்புறம் டியூபில் ஓட்டை எங்கே என்று கண்டால், டயரில் முள் எங்கே என்று உடனே தெரியும்.

டியூபுக்கு உருவம் வரும் அளவுக்கு லேசாகக் காற்று கொடுத்து, கொஞ்சம் முகப் பவுடர் தூவி உள்ளே வையுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே வந்து வால்வில் முடியுங்கள். கடைசி ஒரு சாண் இறுகும். அப்போது மறுபக்கம் முழுவதும் டயரைக் கிள்ளி ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் தள்ளினால் தளர்வு கிடைக்கும். ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம். கடையில் கொடுத்தாலும் பக்கத்திலேயே நில்லுங்கள்.

9. காற்று

70 கிலோ ஆளுக்கு என் கணக்கு: 25 மி.மீ. டயர் என்றால் முன்னால் 75, பின்னால் 85 பி.எஸ்.ஐ. 28 என்றால் 65, 72. 32 என்றால் 50, 60. எடை கூடினால் கொஞ்சம் கூட்டுங்கள். மழை நாளில் இரண்டிலும் ஐந்து குறையுங்கள். டயரிலும் ரிம்மிலும் எழுதிய உச்ச அளவில் எது குறைவோ அதைத் தாண்டாதீர்கள். காலையில் அடித்த 80, சித்திரை வெயிலில் சாலை கொதிக்கும்போது 85ஐத் தாண்டிவிடும், அதனால் உச்சத்துக்கு ஒட்டி அடிக்கவே வேண்டாம். டியூப் காற்றை மெல்ல விட்டுக்கொண்டேதான் இருக்கும். வாரம் ஒருமுறை மானியைப் பார்த்து அடியுங்கள், கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது கணக்கில் வராது.

10. மழை தொடங்கிய பிறகு

நனைந்த ரப்பரைக் கண்ணாடியும் கல்லும் எளிதாக அறுக்கும். மழை எல்லாக் குப்பையையும் ஓரத்துக்கு ஒதுக்கிவிடும். அதனால் ஓரத்து மண்ணை விட்டு ஓரடி உள்ளே தள்ளி ஓட்டுங்கள். சாக்கடை மூடி, வெள்ளைக் கோடு, தண்டவாளம், வைகைத் தரைப்பாலங்களில் தண்ணீர் வடிந்தபின் படியும் வண்டல், இந்த நான்கிலும் சைக்கிளைச் சாய்க்காமல், பிரேக் பிடிக்காமல் நேராகக் கடக்க வேண்டும். வீடு வந்ததும் ஈரத்துணியால் டயரைத் துடைத்து, சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பாருங்கள். ஒட்டியிருக்கும் சில்லை அன்றைக்கே நோண்டி எடுத்தால் அது நாளைக்கு உள்ளே இறங்காது.

வழியில் பஞ்சரானால் புது டியூப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள், குத்தியது இன்னும் டயரில்தான் இருக்கும். விரலை நேராக உள்ளே விட்டுத் தேடினால் விரல் கிழியும். கொஞ்சம் பஞ்சை டயரின் உள்பக்கம் ஒரு சுற்று ஓட்டுங்கள். எங்கே இழை மாட்டிக்கொள்கிறதோ அங்கே இருக்கிறது கம்பி. அது உள்ளே ஊசிமுனை அளவுகூடத் தெரியாது. டயரை அந்த இடத்தில் பின்னோக்கி மடித்தால் வெளிப்பக்கத்தில் கருப்புப் புள்ளியாக எட்டிப் பார்க்கும், நகவெட்டியால் கவ்வி இழுங்கள். என் பையில் பஞ்சும் நகவெட்டியும் டியூபோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக் கவரில் கிடக்கின்றன. மழையில் சொல்யூஷன் ஒட்டாது, அதனால் சாலையில் டியூபை மாற்றிவிட்டு ஓட்டையை வீட்டில் காயவைத்து ஒட்டுங்கள்.

காண்டினென்டல் டயர்களில் தரையில் படும் பகுதியில் இரண்டு சின்னக் குழிகள் இருக்கும், அவை மறைந்தால் ஆயுள் முடிந்தது. மற்ற டயர்களில் நடுப்பகுதி தட்டையாகிவிட்டதா, உள்துணி தெரிகிறதா என்று பாருங்கள். தேய்ந்த பின் டயரை முன்னால் மாற்றிப் போட்டு ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். முன்னால் இருக்கும் நல்லதைப் பின்னால் போட்டு, புதியதை முன்னால் மாட்டுங்கள்.